தழும்புள்ள உதடு

கண்ணாடி அறைக்குள் ஒலிவாங்கியின் முன் டப்பிங் குரல் கலைஞர் நிற்கிறார். கதை வெளியே கசியாதிருக்கப் படத்தின் திரை முழுவதையும் கறுப்பாக்கி, பேசுபவரின் வாய்க்கு மட்டும் ஒரு வட்டம் விட்டு அனுப்பியிருக்கிறார்கள். இந்த சூப்பர் ஹீரோ படத்தின் முதல் பாகத்தில் வில்லன் தமிழில் பேசியது இவர் குரலில்தான். அதன் முடிவில் அவன் கடலில் விழுந்தபின் இவருக்குக் கிடைப்பவை கூட்டத்துக் கூச்சல்களும் காவலாளி வேடங்களும்தான். இப்போது பேசும் இரண்டாம் பாகத்தில் அவன் மீண்டும் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். “இன்னைக்கும் காவலாளிதாண்ணே. செத்தவனை விட்டுத் தொலைங்க,” என்கிறார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர். “பொணத்தைக் காட்டினாங்களா? படக்கதைப் புத்தகத்துல ரெண்டு தடவை செத்துப் பிழைச்சவன்ப்பா அவன்.” ஒலிப்பதிவாளரின் சிரிப்பு காதுக்கருவியில் கரகரக்கிறது. காவலாளியின் வாய் திறக்கிறது, “யாரது?” என்று இவர் கேட்டு முடிக்கிறார். வட்டம் மறையவில்லை. அதற்குள் வேறொரு வாய் வருகிறது, நனைந்து, கீழுதட்டோரம் பிறைத் தழும்போடு. சிரிப்பு நின்றுவிடுகிறது. முதல் பாகத்துக்காக அந்த உதட்டோடு மாதக்கணக்கில் வாயசைத்தவருக்கு முகம் தேவையில்லை. கையிலிருந்த தண்ணீர்க் குவளையை ஓசையின்றி வைக்கிறார். தொண்டையைச் செருமவில்லை, அதிலுள்ள கரகரப்பு அவன் குரலுக்கு வேண்டும். பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கை ஒலிப்பதிவாளர் அணைக்கவில்லை. உதடுகள் பிரிகின்றன, பேச்சில்லை, நீருக்குள்ளிருந்து மீண்டவனின் நீண்ட மூச்சு மட்டும். இவரும் அதோடு சேர்ந்து மூச்சை இழுக்கிறார்.