விட்கம் கார் இனி விலைபோகுமா?

“சாவியைக் கொடுங்க பிரெஸ்டன். உங்க வண்டியை வேற இடத்துல விடச் சொல்றேன்.”

“ஏன், இங்க நின்னா என்னவாம்?”

“அது வெளிநாட்டு வண்டி. டெட்ராய்ட்ல கார் கம்பெனி வாசல்லயே அதைக் கொண்டாந்து நிறுத்தினா, எங்க செக்யூரிட்டிக்கு இன்னைக்குச் சோறு இறங்காது.”

வாண்டா சொன்னதைக் கேட்டு பிரெஸ்டன் சிரித்தார். “ஏர்போர்ட்ல வாடகைக்குக் கொடுத்ததுங்க. மேல ஒரு அடி பனி. முன் கண்ணாடியை மட்டும் சுரண்டிட்டு ஓட்டிட்டு வந்தேன். என்ன கம்பெனின்னுகூடப் பாக்கலை.”

சாவியை அவளிடம் தூக்கிப் போட்டார்.

பிரெஸ்டன் நியூயார்க்கிலிருந்து வந்திருக்கும் புதுத் தலைவர். முன்பு ஷாம்பு விற்றவர். கார்களைப் பார்த்ததைவிட, கார் விற்ற கணக்குகளைப் பார்த்தது அதிகம். அந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான், ‘விட்கம்’ என்ற பெயருக்கு வயதாகிவிட்டது, எடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்திருந்தார். புதுப் பெயரும் தயார். ஏதோ தலைவலி மாத்திரை பெயர் போல இருந்தது அது.

வாண்டாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக விட்கம் சோறு தின்ற குடும்பம். அவளுக்கு அந்தப் பெயர் வெறும் பெயர் இல்லை. “வாங்கறவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டு எடுங்க” என்று மன்றாடி, இன்று ஒரு சோதனைக்கு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். சாயங்காலம் நியூயார்க்குக்கு போன் போட்டு பிரெஸ்டன் சொல்வதுதான் முடிவு.

இருட்டு அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே பெரிய கண்ணாடி. இங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும். அங்கிருந்து பார்த்தால் இவர்கள் தெரிய மாட்டார்கள். அங்கே பேசுவது ஸ்பீக்கரில் கேட்கும். கூடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி. முகப்பிலும் ஸ்டியரிங்கிலும் பெயரை மறைத்துக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அடுத்த கார் வாங்கப் போகிற மூன்று பேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

“பரவாயில்லை” என்றாள் லட்ரீஸ் என்ற நர்ஸ், சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு. “முதுகுதான் கொஞ்சம் இடிக்குது.”

“என் மச்சினிகூட இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கா” என்றான் பிளம்பர் கஸ். “இல்ல, இதே மாதிரி இல்லையோ? எல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கு.”

மூக்கில் வளையம் போட்டிருந்த மைலோ என்ற கல்லூரிப் பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். “வாஷிங் மெஷினுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு.”

பிரெஸ்டன் தட்டிலிருந்த பலகாரத்தைக் கடித்தார். “டோனட் பிரமாதம்.”

“டோனட் இல்லை. பூன்ச்கி, எங்க போலந்துப் பலகாரம். எங்கம்மா காதுல விழுந்தா கரண்டியோட வருவாங்க.”

“பாத்தீங்களா? இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு பழைய பேரு. அதுதான் வினையே! பேரை மூடி வச்சே இவ்வளவுதான் சொல்றாங்க. திறந்து பாருங்க, கிழவன் வண்டின்னு எழுந்து ஓடிடுவாங்க.”

“திறக்கச் சொல்றேன்” என்றாள் வாண்டா. ஓடிவிட்டால்?

டேப்பை உரித்தார்கள். சாய்ந்த எழுத்தில் ‘விட்கம்’ பளபளத்தது.

“அட, விட்கமா!” லட்ரீஸ் ஓடவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தாள். “எங்கம்மா ஒண்ணு வச்சிருந்தாங்க. ஊரே பனியில மாட்டிக் கிடக்கும், எங்கம்மா மட்டும் நேரத்துக்கு டூட்டிக்குப் போய்ச் சேர்ந்துருவாங்க. இந்த சீட்டைப் பாரேன், இடுப்பைத் தாங்கிப் பிடிக்குது!”

கஸ் கதவை மூடி, திறந்து, மறுபடி மூடினான். “கேட்டியா? கும்முனு ஒரு சத்தம். வேற எவன் வண்டிக்குடா இப்படி ஒரு கதவு இருக்கு?”

“எங்க வீட்ல யாருமே விட்கம் வச்சிருந்ததில்ல” என்றான் மைலோ. “ஆனா அந்த எழுத்தைப் பாருங்களேன்! நின்னு பேசுது. நம்ம ஊரு பேரு வேற. தள்ளுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”

வாண்டாவுக்கு அந்த மூன்று பேரையும் போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிரெஸ்டன் மெல்ல மறந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

“ஒத்துக்கறேன் வாண்டா. அருமையான வண்டி பண்ணியிருக்காங்க உங்க ஆளுங்க. அந்த சீட்டு, அந்தக் கதவு! இப்படி ஒரு வண்டிக்கு எந்தப் பேரு வச்சாலும் விக்கும். பழைய பேரு எதுக்கு? சாயங்காலம் எடுத்துடச் சொல்லிடறேன்.”

“வண்டிதான் காரணம்ங்கறீங்க?”

“பின்னே? பேரா ஓடுது? சரி, ஹோட்டலுக்குப் போயிட்டு வந்துடறேன். என் வண்டி எங்க நிக்குது?”

வாண்டா சாவியை மேசையில் வைத்து, கண்ணாடியின் பக்கம் கையைக் காட்டினாள்.

“அதோ, அதுதான் உங்க வாடகை வண்டி. பனியைத் துடைச்சு, எங்க பேரை ஒட்டினோம். வேற ஒண்ணும் பண்ணலை.”