பூங்கனி வீட்டில் நாலு பேர்

"நாலு பேரு சாறே," என்றாள் பூங்கனி.

குழித்துறைப் பக்கத்தில் அன்று எனக்கு அது முப்பத்தெட்டாவது வீடு. வாத்தியார் என்றால் சும்மா இருப்பவன் என்று சர்க்காருக்கு ஒரு நினைப்பு. முப்பத்தொன்றாம் வருஷத்து ஆள்கணக்கை என் தலையில் கட்டிவிட்டது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

பெயர்களைச் சொல்லச் சொன்னேன்.

முதலில் பூங்கனி, விதவை. அடுத்து ராஜையன், வயது நாற்பது. என்ன வேலை என்று கேட்டேன். நிற்கிற வேலை என்றாள். காவல் என்று எழுதிக்கொண்டேன்.

விக்டோரியா, வயது நாலு, சம்பாதிப்பவள். கோலப்பன், வயது தெரியாது, எலி பிடிப்பான்.

நாலு வயதுப் பிள்ளை என்னத்தைச் சம்பாதிக்கும்? எல்லாரையும் கூப்பிடு, நான் பார்க்க வேண்டும் என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

ராஜையன் ஒரு பனைமரம். விக்டோரியா பசு. வைக்கோல் போருக்குள்ளிருந்து தலையை நீட்டிய சாரைப்பாம்புதான் கோலப்பன். அட கர்த்தரே! நான் துள்ளிய துள்ளலில் ஒரு செருப்பு சாணிக்குள் போய்விட்டது.

"ஏம்மா, சர்க்காரோட வெளையாடுதியா?"

அவள் விளையாடவில்லை. புருஷன் போனதிலிருந்து அடுத்த ஊர்க் கொழுந்தன் நெருக்குகிறானாம். ஒற்றைக்கு இருக்கிறவளுக்கு வீடு எதற்கு, பிரித்துப் போட்டுவிட்டு என் அடுக்களைக்கு வா என்கிறானாம். சர்க்கார் தாளிலும் ஒரே ஆள் என்று விழுந்துவிட்டால் அவ்வளவுதான்.

"கூரையும் கருப்பட்டியும் ராஜையன் தாறான். பாலு விக்டோரியா தாறா. கோலப்பன் இல்லேன்னா எலி எனக்கு ஒரு மணி நெல்லு வைக்காது. நான் போனா விக்டோரியாவுக்கு ஆரு சாறே புல்லு பறிப்பா? இது குடும்பம் இல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. சம்பாதிப்பவரா, மற்றவரை அண்டி வாழ்பவரா? பூங்கனி யோசிக்கவே இல்லை. அண்டித்தான் வாழ்கிறேன் என்றாள்.

அண்டி வாழ ஓர் ஆள் வேண்டுமே.

தாளில் விக்டோரியாவின் பெயரை அடித்தேன். கோலப்பனையும் அடித்தேன். ராஜையனிடம் வந்ததும் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டேன்.

வெளியே வந்தால், வேலியோரமாக அந்தக் கொழுந்தன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ஒத்தைதானே சாறே?"

நான் சபையில் டீக்கன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ரெண்டு. ராஜையன்தான் வீட்டுத் தலைவர். பொறத்தால நிக்குதாரு, போய்ப் பேசும். ஆளு உம்மைவிட நல்ல ஒசரம்."

அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தான்.