ஊரே காலி!

“சைரன் ஊதினதும் ஊருக்குள்ள ஒருத்தர்கூட இருக்கக் கூடாது. நேரா மேலிடத்துக்குப் போயிடணும். புரியுதா?”

பேரிடர் மேலாண்மை அதிகாரி மைக்கை விடுவதாக இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று வாரம் தவறாமல் கூட்டம் போட்டு, மடை திறந்துவிடுவார். சலூன்காரர் பாதிச் சவரத்தில் கடையை விட்டு வந்திருந்தார். மீதிச் சவரத்துக்குரியவர் நுரை காய்ந்த கன்னத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நாளைய ஒத்திகையைப் பார்க்கத் துறை இயக்குநரே வருகிறார். ஊர் ஒழுங்காகக் காலியானால் அதிகாரிக்குத் தலைநகரத்துக்கு மாற்றல். சொதப்பினால் இதே ஊர், இதே மைக்.

வழக்கமாக இந்த இடத்தில் கொட்டாவிதான் வரும். இன்று என்னவோ கேள்விகள் வந்தன.

“மேலிடத்துக்குக் குடும்பத்தோட போகலாமா சார்?” என்றார் தையல்காரர்.

“குடும்பத்தோடதான் போகணும்!”

“என் மாடுங்க?” இது பால்காரம்மா.

“ஓட்டிக்கிட்டே போம்மா. அதுவும் உயிர்தானே?”

“அங்க போனா எங்களை யாராச்சும் கவனிப்பாங்களா?”

“கவனிக்கத்தானே மேலிடம்! நீங்க போய்ச் சேருங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்.”

“எங்களுக்கும் ரொம்ப நாளா இதே யோசனைதான் சார்” என்றார் சலூன்காரர். “தயக்கமா இருந்துச்சு. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க!”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜனங்களைப் போய் மந்தம் என்று அறிக்கை எழுதினோமே!

மறுநாள் காலை. அதிகாரி ‘மேலிடம்’ என்று மனதில் குறித்து வைத்திருந்த தண்ணீர்த்தொட்டி மேட்டில் பந்தல், முதலுதவிப் பெட்டிகள், இயக்குநருக்குக் குஷன் நாற்காலி. சைரன் ஊதியது.

இயக்குநர் தொலைநோக்கியைத் தூக்கினார். கீழே கதவுகள் படபடவென்று மூடின. டிராக்டர்களில் ஆட்கள் தொற்றினார்கள். மாடுகள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஈ காக்கை இல்லை.

“பிரமாதம்யா! இவ்வளவு உற்சாகமா உயிர் தப்பிக்கிற ஜனங்களை நான் பார்த்ததே இல்ல.”

“எல்லாம் பயிற்சி சார்” என்று நெளிந்தார் அதிகாரி.

“ஆனா எல்லாரும் டவுன் ரோட்டுல திரும்பறாங்களே?”

“சுத்துவழி சார். இந்த மேடு செங்குத்து, டிராக்டர் ஏறாது.”

காத்திருந்தார்கள். தேநீர் ஆறியது. அதிகாரியின் சிரிப்பும் மெல்ல ஆறியது. மேட்டுக்கு ஒரு கன்றுக்குட்டிகூட வந்து சேரவில்லை.

இயக்குநரின் கைபேசி அலறியது. டவுனில் இருக்கும் அவருடைய மனைவி. ஸ்பீக்கர் தேவைப்படாத குரல்.

“என்னங்க, நம்ம வீட்டு வாசல்ல ஒரு ஊரே வந்து நிக்குது! என் ரோஜாச் செடியை மாடு மேயுது! ‘மேலதிகாரி வீடு, மேலிடம், இதுதானே’ன்னு கேக்கறாங்க. வெள்ளம் வந்தா அவங்களே நீந்திக்குவாங்களாம், முதல்ல அந்த மைக் அதிகாரியை ஊரைவிட்டு வெளியேத்தணுமாம்!”