நியாயமான சந்தேகம்

"துப்பாக்கி இருக்கு தம்பி. பக்கத்து சீட்ல, கோட்டுக்கு அடியில. குண்டு போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் இதைச் சொன்னபோது, போலீஸ்காரன் கர்ட் லிண்டமன் பயந்துதான் போனான். துப்பாக்கியை நினைத்து அல்ல. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் துப்பாக்கி இல்லாத வண்டியைத்தான் அதிசயமாகப் பார்ப்பார்கள். அவன் பயம் வேறு.

போன மாதம்தான் பட்டிருந்தான். இதே சாலையில் ஒருவரை நிறுத்தி, வண்டியில் துப்பாக்கி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டான். அந்த ஆள் நேராக நீதிமன்றத்துக்குப் போனார். துப்பாக்கி வைத்திருப்பது அவர் உரிமை, அதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகப்பட முடியாது, நியாயமான சந்தேகம் என்றால் எடுத்துக்காட்ட வேறு ஏதாவது இருக்க வேண்டும் என்று நீதிபதி காய்ச்சி எடுத்துவிட்டார். அவர்கள் மேலதிகாரியான ஷெரிஃப் எல்லோருக்கும் வகுப்பு வைத்தார். பிறகு கர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு புகார் வந்தா நீயே பேட்ஜைக் கழட்டி மேஜை மேல வெச்சிட்டுப் போயிடு. என்னைச் சொல்ல வைக்காத."

வீட்டில் மனைவி நிறைமாதம். அவளிடம் இதைச் சொல்லக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது வந்து வாய்த்திருக்கிறார் இவர். எல்வின் ஸ்ட்ராட் என்று லைசென்ஸில் இருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர் என்று பூட்ஸே சொன்னது. ஷெரிஃப் அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த மனிதர், கர்ட் ரோந்து வண்டியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, நிற்க வேண்டிய முனையில் நிற்காமல் போனார். வேண்டுமென்றே செய்ததுதான், அதில் சந்தேகமே இல்லை.

இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி வகுப்பில் எச்சரித்திருந்தார்கள். வலிய வந்து மாட்டிக்கொள்வார்கள், வாயைக் கிளறுவார்கள், போலீஸ்காரன் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் அதைச் செல்போனில் படம்பிடித்து மறுநாள் ஊரெல்லாம் ஓட விடுவார்கள். கர்ட் கண்ணாலேயே செல்போனைத் தேடினான். டாஷ்போர்டில், அவன் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

"சொன்னதுக்கு நன்றி ஐயா. அது அங்கயே இருக்கட்டும்."

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்து வெச்சுக்க மாட்டீங்களா? முன்னெல்லாம் எடுப்பீங்களே."

"அது உங்க உரிமை ஐயா. நான் தொட மாட்டேன்."

"குண்டு போட்டிருக்குன்னு சொல்றேன்."

"அதுவும் உங்க உரிமைதான்."

காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. பெரியவர் முகம் மழித்துப் பல நாளாகியிருந்தது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கர்ட் அதையெல்லாம் பார்க்கத்தான் செய்தான். ஆனால் பொத்தான் மாறியிருந்தது ஐயா என்று நீதிபதியிடம் போய் நிற்க முடியுமா? பார்த்ததைப் பார்க்காதது போல விட்டுவிட்டான்.

அவர் விடுவதாக இல்லை. துப்பாக்கியோடு எங்கே போகிறேன் என்று கேட்க வேண்டாமா என்றார். அது உங்கள் சொந்த விஷயம் என்றான் கர்ட். வண்டியைச் சோதனை போட வேண்டாமா என்றார். காரணம் இல்லாமல் போடுவதில்லை என்றான். இந்த மழையில் ஒரு கிழவன் எதற்காக ஊரைச் சுற்றுகிறான் என்றுகூடத் தோன்றவில்லையா என்று கேட்டபோது அவர் குரல் லேசாக உடைந்தது. நடிப்பும் நன்றாகத்தான் வருகிறது என்று கர்ட் மனதுக்குள் பல்லைக் கடித்தான்.

"நீ போலீஸ்காரன்தானே தம்பி? உனக்கு என் மேல ஒரு சந்தேகம்கூட வரலையா?"

"வரலைங்க ஐயா. நீங்க சட்டத்த மதிக்கிறவரு. அடுத்த தடவ அந்த முனையில நின்னு போங்க, அவ்வளவுதான்."

அபராதச் சீட்டுகூட எழுதாமல் லைசென்ஸைத் திருப்பி நீட்டினான். பெரியவர் உடனே கிளம்பவில்லை. ஈரக் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்காங்க உங்கள" என்றார் கடைசியில். வண்டி மெதுவாக நகர்ந்து, ஆற்றுப் பக்கம் போகிற பாதையில் திரும்பியது.

கர்ட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேலை தப்பியது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. எத்தனை தூண்டில் போட்டும் கடிக்கவில்லையே! ஷெரிஃப் கேட்டால் முதுகில் தட்டிக் கொடுப்பார். ரோந்து வண்டியில் ஏறி, ஆறிப்போன காபியைச் சந்தோஷமாகவே குடித்தான்.

வயர்லெஸ் கரகரத்தது. அலுவலகத்திலிருந்து நெட்டி பேசினாள்.

"கர்ட், ஸ்ட்ராட்னு ஒரு பெரியவர் உன் பக்கம் வந்தாரா? அவர் பொண்ணு சியாட்டில்லேருந்து லைன்ல இருக்கு, ஒரே அழுகை. அவர் சம்சாரம் செத்ததுலேருந்து, துப்பாக்கி கையில இருந்தா தன்னை என்ன பண்ணிப்பேனோன்னு அவருக்கே பயமாம். போலீஸ்கிட்ட ஒப்படைச்சிடுங்கன்னு இந்தப் பொண்ணு கெஞ்சியிருக்கு. 'நானா நீட்ட வெக்கமா இருக்கும்மா, அவங்க கேட்டா குடுத்துடறேன்'னு சொல்லிட்டுக் கிளம்பினாராம்."