அன்டேயின் பென் டிரைவ்

"குடிச்சுட்டுத் தூங்கிட்டான். கூடப் போன ரெண்டு பேரையும் சேர்த்துக் கொன்னுட்டான். இதுல இன்னும் என்னம்மா விசாரணை?"

கெர்ரி டூலன் அன்றும் வந்துவிட்டார். போர்ட் லிங்கன் மீனவர் சங்கத் தலைவர். இறந்த இரண்டு ஆட்களின் சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தவர்.

படகு விபத்துகளை விசாரிக்கும் ரோவீனா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படகு மூழ்கி, படகோட்டி அன்டே பாரிச்சின் உடல் கரை ஒதுங்கியபோது, பொத்தான் மாட்டிய சட்டைப்பையில் கிடைத்த பென் டிரைவைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகிலிருந்து ரேடியோவில் பேசுவது முழுக்க அதில்தான் பதிவாகும்; எதிர்ப்பக்கக் குரல் பதிவாகாது.

விசாரணைச் சான்றை நேராகச் செருகக் கூடாது. கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை ஓடவிட்டு, அதில்தான் திறக்க வேண்டும். ஆனால் டிரைவை இணைத்த மறுகணமே அந்த மெய்நிகர் கணினி நீலத் திரை காட்டிச் செத்தது. ஒன்பது தடவை ஆகிவிட்டது.

"உன் பொட்டி சரியில்லையோ?"

"வேற டிரைவ் போட்டா நல்லாத்தான் திறக்குது."

"அப்போ இது உப்புத் தண்ணியில போச்சு. எழுதி மூடிடும்மா. பாவம் அந்த ஸ்டென்கா. புருஷன் குடிகாரன்னு சர்க்கார் காகிதத்துலயும் வரணுமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. நேற்று ஸ்டென்காவின் வாசலில் யாரோ காலி பீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஸ்டென்கா போனில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. "அவர் குடியை விட்டு ஆறு வருஷம் ஆச்சு, ரோவீனா. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

டிரைவை அப்படியே நகல் எடுத்தாள். நகலை இணைத்தாலும் அதே சாவு. அப்படியானால் கோளாறு ஒயரிலும் இல்லை, பொட்டியிலும் இல்லை. உள்ளே எழுதியிருப்பதில்தான்.

ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கோப்புப் பட்டியல் பாதியில் அறுந்து, கடைசி வரி தன்னையே சுட்டிக்கொண்டு நின்றது. அதைப் பின்தொடர்ந்த கணினி சுற்றிச் சுற்றியே செத்திருக்கிறது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டியிருக்கிறார்கள். தூங்குகிறவன் செய்கிற வேலையா இது?

இணைக்காமலே, நகலிலிருந்து ஒலியை மட்டும் தோண்டி எடுத்தாள். ஸ்டென்காவை வரச் சொன்னாள். கேள்விப்பட்டு, கெர்ரியும் வந்து நின்றார்.

முதலில் காற்றின் இரைச்சல். பிறகு அன்டேயின் குரல். துளிகூடக் குழறல் இல்லை.

"எனக்குத் துறைமுகம் தெரியுது. ஆனா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன். வர்றேன், பயப்படாதே."

ஸ்டென்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன் எஞ்சின் கிளம்பிடுச்சா? நல்லது. இங்க பின்பக்கம் உடைஞ்சு தண்ணி ஏறுது. எங்களைக் கொஞ்சம் ஏத்திக்கோ."

காற்று மட்டும்.

"எங்கடா போறே? என்கூட ரெண்டு பேர் இருக்காங்க. திரும்பி வாடா... கெர்ரி!"