ஏழாம் நம்பர் கிணறு

"கதவைச் சாத்திட்டு உட்காருங்கக்கா. நாம பேசுறது வெளிய கேக்கக் கூடாது."

பங்குத் தரகன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்தான், திறக்கவில்லை. அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

எதிரே அமர்ந்த நர்ஸ், ஒரு மாதத்துக்கு முன் அவனிடம் வந்தவர். அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனியின் பங்கு வேண்டும் என்றார். ஆனால் அதற்கு முன் எல்லாம் தெரிந்தாக வேண்டுமாம். கம்பெனி அச்சடித்துத் தரும் அறிக்கையெல்லாம் போதாது, எண்ணெய் தோண்டும் இடத்தையே நேரில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வழிச்செலவையும் கையோடு கொடுத்தார். இவ்வளவு உஷாரான வாடிக்கையாளரை அவன் கண்டதில்லை.

"போனீங்களா தம்பி?"

"போனேன். ஏன்டா போனோம்னு இருக்கு."

நேற்றுப் பிற்பகல், பெரிய முதலீட்டாளர் ஒருவரின் ஆள் என்று சொல்லி உள்ளே நுழைந்திருந்தான். ஹெல்மெட் கொடுத்து, குளிர்பானம் கொடுத்து, மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் அளந்தார். நடுவில் அவருக்குப் போன் வர, இவன் சும்மா நடந்து ஏழாம் நம்பர் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் போய்விட்டான்.

"அழுகின முட்டை நாத்தம்கா. கண்ணு எரியுது. விஷவாயு கசிஞ்சா அலற வேண்டிய சைரன் கம்பத்துமேல இருக்கு. அதைச் சாக்கைப் போட்டுச் சுத்திக் கட்டி வெச்சிருக்காங்க. ஒயரையும் அறுத்துவிட்டிருக்காங்க."

நர்ஸ் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"அங்க வேலை செய்ற ஆள் ஒருத்தர் ஓடி வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தார். 'மூச்சை அடக்கிட்டு வந்த வழியே போயிடு சார்'னார். சைரனை ஏன் கட்டி வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். 'அது அடிச்சா வேலை நிக்கும், வேலை நின்னா ஷேர் விலை இறங்கும்'னு சொல்லிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டார்."

"கட்டி வெச்சு எத்தனை நாளாச்சாம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு அவரே சொன்னார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனா ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

அப்போது மேஜைமேல் இருந்த செல்போன் அடித்தது. தரகன் துள்ளிப் பின்னால் சாய்ந்தான். எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலைலேர்ந்து இது நாலாவது தடவை" என்றான் அடித்தொண்டையில். "கேட்ல என் கார் நம்பரைப் போட்டோ எடுத்துட்டாங்க. முதல் தடவை எடுத்துப் பேசினேன். 'ஏழாம் நம்பர்கிட்ட உனக்கென்ன வேலை? யார் அனுப்பினா? உன் பொண்ணு எந்த ஸ்கூல்னு எங்களுக்குத் தெரியும்'கிறான்."

நர்ஸ் நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"என் பேரைச் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. என் வீட்டுக்காரியை உடனே அனுப்பி, பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரச் சொல்லி அவ அண்ணன் வீட்ல விட்டிருக்கேன்."

"உங்களை நான் அங்க அனுப்பியிருக்கக் கூடாது தம்பி. மன்னிச்சிடுங்க."

"அதை விடுங்க. இந்தக் கம்பெனியை இன்னையோட மறந்துடுங்க. விலை ஏறுதேன்னு பாக்காதீங்க. ஒருநாள் அந்த இடமே வெடிச்சுப் போகும், உங்க காசுல ஒரு பைசா தேறாது."

அவர் நோட்டை மூடினார்.

"பரவால்ல. வாங்கிடுங்க."

தரகனுக்குச் சுர்ரென்று ஏறியது. தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இவ்வளவும் கேட்டுட்டா? ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமாக்கா? சரி, உங்க பணம், உங்க இஷ்டம். எத்தனை லட்சத்துக்கு?"

"ஒண்ணு."

"ஒரு லட்சத்துக்கா?"

"இல்ல தம்பி. ஒரே ஒரு ஷேர்."

 நர்ஸ் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். 

"ஒரு ஷேர் இருந்தாலே கம்பெனியோட வருஷப் பொதுக்கூட்டத்துல எழுந்து நின்னு கேள்வி கேக்கலாமாமே. அங்க வேலை பாத்த என் பையன் போன வருஷம் அந்தக் கிணத்துப் பக்கத்துல எப்படிச் செத்தான்னு கேக்கப் போன மூணு தடவையும், என்னை கேட் வாசல்லயே துரத்திட்டாங்க."