மூன்றாவது தட்டு

தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் யசோதரா, தூக்கம் வராத அப்பாவுக்காகத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் திபெத்திய தியானக் கிண்ணம் ஒன்று வாங்கி வந்திருந்தாள். தினமும் காலையில், புத்தர் படத்துக்கும் சுரங்கத்தில் இறந்த சித்தப்பாவின் படத்துக்கும் முன்னால் அவரை உட்காரவைத்து, அதை மூன்று முறை தட்டுவாள்.

"மூணாவது மட்டும் கொஞ்சம் பொறுத்து அடி, கண்ணு" என்பார் அப்பா வேலாயுதம், கண்களை மூடியபடி.

"இன்னாப்பா, கிண்ணத்துக்கு அவ்ளோ ரசிகனாயிட்டியா?"

மூன்றாவது ஒலியில் அவர் முகம் தெளிவதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மூன்றையும் மளமளவென்று தட்டினாள்.

"நிறுத்து! அவன் இன்னும் ஏறல!" என்று அலறி எழுந்தார் அப்பா.

"யாருப்பா?"

அவர் சித்தப்பாவின் படத்தைப் பார்த்தார். "சுரங்கத்துல கீழ லெவல்ல நான்தாம்மா மணி அடிக்கிற ஆளு. மூணு அடிச்சா ஆளுங்க ஏறுன கேஜை, அந்த லிப்டுக் கூண்டை, மேல தூக்கிடுவாங்க. அன்னிக்கு ஷிப்ட் முடியற அவசரத்துல அடிச்சிட்டேன். உன் சித்தப்பா ஒத்தக் கால்தான் உள்ள வெச்சிருந்தான்."

யசோதரா கிண்ணத்தைத் துணியில் சுற்றினாள். "தெரிஞ்சிருந்தா இத தொட்டே இருக்க மாட்டேனேப்பா."

"அங்கயே வெச்சிரும்மா. நீ பொறுத்து அடிக்கிற நேரத்துலதான் தினமும் அவன் ரெண்டாவது காலையும் உள்ள வெக்கிறான்."